பதினொன்று தசம் நான்கு வீதம்

முரசுமோட்டையில் காற்று எப்படி வீச வேண்டும் என்பதைக் கொழும்பில் ஒரு கணினி முடிவு செய்து வைத்திருந்தது. காற்று அந்த முடிவின்படி நடந்துகொள்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சபையை அமைத்தார்கள். காற்று மாதிரி ஒப்புநோக்கு சபை என்று பெயர். அதற்கு ஒரு தவிசாளர், நான்கு உபகுழுக்கள், மூன்று வெள்ளை வாகனங்கள், ஒரு இறப்பர் முத்திரை எல்லாம் இருந்தன. காற்று ஒன்றுதான் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிய வைகாசியில் அவர்கள் வந்து, என் வீட்டு வளவுக்குப் பின்னால், வாய்க்கால் ஓரத்தில், ஒரு இரும்புக் கம்பத்தை நட்டார்கள். பனையைப் போல நான்கு மடங்கு உயரம். மூன்று இடங்களில் சின்னக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். கம்பத்துக்குக் காவலாளி தேவைப்பட்டது. பக்கத்தில் இருந்தவன் நான். பெயரைக் கேட்டார்கள். தங்கராசா என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

விடயத்தை எனக்கு விளங்கப்படுத்தியவர் கிருசாந்தன் என்ற இளம் பொறியியலாளர். வவுனியாப் பிள்ளை.

“ஐயா, மின்சாரம் எடுக்கிற காத்தாடி பூட்ட முதல், இந்த இடத்தில எவ்வளவு காத்து வருமெண்டு கணினியில கணிக்கிறது. அதுக்குத்தான் மாதிரி எண்டு சொல்லுறது. பிறகு கம்பம் நட்டு உண்மையான காத்தை அளக்கிறது. ரெண்டும் அஞ்சு வீதத்துக்குள்ள ஒத்துப்போனால் மாதிரி சித்தி.”

“ஒத்துப்போகாட்டி?”

“மாதிரியைத் திருத்த வேணும். புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு.”

அவர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

எனக்குப் பின்னால் தெரியவந்த ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கணினிக்கு எங்கள் இடத்தைக் காட்டிக் கொடுத்தது, இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு கடைசியில் வானத்திலிருந்து எடுத்த ஒரு படம். அந்த நேரம் முரசுமோட்டையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. போர் முடிந்து நாங்கள் எல்லோரும் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தோம். வீடுகள் தரையோடு கிடந்தன. கணினி அந்தப் படத்தைப் பார்த்து, இது வெற்றுநிலம், காற்று தடையில்லாமல் வரும் என்று முடிவு செய்துவிட்டது. மாதிரி சித்தியடைந்தால் அதன் வரைபடம் காணிக் கந்தோர் என்கிற அலுவலகத்துக்குப் போகும். அங்கே என் வளவு வெற்றுநிலமாகப் பதியப்படும். நான் எழும்பிப் போக வேண்டியதுதான்.

போகமாட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. என் தகப்பன், அப்பு, வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காடு வெட்டி எடுத்த காணி. அதற்கு உத்தரவுப்பத்திரம் இருந்தது. வன்னியில் எல்லா வீட்டிலும் இருப்பது போல எங்களிடமும் ஒரு பொலித்தீன் பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், காணிக் கடதாசி, அடையாள அட்டைப் பிரதி, எல்லாம் அதற்குள். ஓடுகிற நேரம் சமையல் பாத்திரத்தை விட்டாலும் பையை விடமாட்டோம். உடையார்கட்டு என்ற ஊரில் ஷெல் விழுந்த அன்றைக்குப் பை என் மனைவி கமலாட்சியின் கையில் இருந்தது. நான் அரிசி வரிசையில் நின்றேன். என் சட்டைப்பையில் நிவாரண அட்டை மட்டும் இருந்தது. திரும்பி வந்தபோது அவளும் இல்லை, பையும் இல்லை.

அதற்குப் பிறகு காணிக் கந்தோருக்குப் பதினான்கு வருடமாக நடந்தேன். நீர் அங்கே இருந்ததற்கு அத்தாட்சி கொண்டுவாரும் என்பார்கள். நான் இப்போதும் அங்கேதான் இருக்கிறேன் என்பேன். அதற்கும் அத்தாட்சி வேண்டும் என்பார்கள்.

இனிச் சபையின் கதைக்கு வருகிறேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உத்தியோகத்தர் யாரும் வருகிறார்கள் என்றால், முதல்நாளே கண்ணில் படக்கூடியதை எல்லாம் அப்புறப்படுத்திவிடுவோம். சாமான் குறையக் குறையக் கேள்வியும் குறையும் என்று அனுபவத்தில் படித்தது. கம்பத்தின் திறப்பு விழாவுக்கும் அப்படித்தான் செய்தோம். மாட்டுக்கொட்டிலைக் கழற்றினோம். கிடுகு வேலியைப் பிரித்து அடுக்கினோம். வீட்டுக் கூரைத் தகரத்தில் துரு தெரிகிறது என்று அதையும் இறக்கிவிட்டோம். முற்றத்து மாமரம் விழாப் பதாகையை மறைத்தது. அதன் கொப்புகளைக் கயிறு போட்டுப் பின்னுக்கு இழுத்துக் கட்டினோம். சிவப்பி என்கிற என் பசுவைப் பக்கத்து வளவு ஜெயரூபி தன் வீட்டுப் பின்பக்கத்தில் மறைத்து வைத்தாள்.

தவிசாளர் நாடா வெட்டிவிட்டுப் பேசினார்.

“அன்பான மக்களே, இதுவரை காலமும் இந்தப் பிரதேசத்தில் காற்றானது எந்தவிதக் கட்டமைப்பும் இன்றி, யாரிடமும் அனுமதி பெறாமல் வீசி வந்துள்ளது. இன்று முதல் அது ஒரு நிறுவன ரீதியான காற்றாக மலர்கிறது. எமது சபை காற்றுக்கு வழிகாட்டும். காற்றும் எம்முடன் ஒத்துழைக்க வேண்டும் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.”

ஜெயரூபி என் காதுக்குள் சொன்னாள்: “அண்ணை, காத்துக்கு உத்தியோகம் குடுக்கப்போகினம் போல கிடக்கு.”

“குடுக்கட்டும் விடு.”

“என்ர மகள் பட்டம் முடிச்சுப்போட்டு நாலு வருசமா வீட்டில இருக்கிறாள். காத்து எங்க படிச்சது?”

விழா முடிந்தும் நாங்கள் ஒன்றையும் திரும்பப் பூட்டவில்லை. ஒரு வாகனம் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வரும் என்பதும் அனுபவம்தான். ஒரு கிழமை, ஏழு நாளும், கூரையில்லாமல் இருந்தேன். அந்தக் கிழமைக் கணக்கு வந்தது. மாதிரி சொன்ன காற்றுக்கும் கம்பம் அளந்த காற்றுக்கும் வித்தியாசம் வெறும் மூன்று தசம் ஒன்று வீதம்.

சபை ஆனந்தத்தில் மிதந்தது. உலகில் எங்குமே மாதிரியும் களமும் இவ்வளவு அந்நியோன்னியமாக இருந்ததில்லையாம். உடனே ஒரு பாராட்டு விழா. யாரைப் பாராட்டுவது என்று இரண்டு உபகுழுக்கள் இழுபறிப்பட்டதில், கடைசியாகக் கம்பத்தைப் பாராட்டுவது என்று முடிவாயிற்று. ஒருவரை ஏணியில் ஏற்றி, கீழ்க் கிண்ணத்துக்குச் சற்று மேலே பொன்னாடை போர்த்தினார்கள். தவிசாளரின் வாகனம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டமுன்னர் சோளகம் ஒரு தூக்குத் தூக்கியது. பொன்னாடை அவிழ்ந்து கிண்ணத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டது. தென்னோலைகள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருக்க, இரண்டு நாட்களுக்குக் காற்றின் வேகம் பூச்சியம் என்று பதிவானது.

சபையின் மாதாந்த அறிக்கையில் அதைப் பற்றி இப்படி இருந்தது: ‘தவிசாளரின் வருகையை முன்னிட்டுக் காற்று இரு தினங்கள் அமைதி காத்தது.’

பிறகு நான் கூரையைப் போட்டேன். கொட்டிலைக் கட்டினேன். வேலியை அடைத்தேன். மாமரத்தின் கயிற்றை அவிழ்த்தேன். ஆடியில் அடுத்த கணக்கு வந்தது. மாதிரி விநாடிக்கு ஏழு மீற்றர் என்று சொன்ன இடத்தில் களம் ஆறு தசம் இரண்டுதான் கொடுத்தது. பிழை பதினொன்று தசம் நான்கு வீதம்.

மூன்று வாகனங்களும் ஒன்றாக வந்தன. வெயில் என்றபடியால் கதிரைகளை என் மாமரத்துக்குக் கீழே போட்டுக்கொண்டார்கள். அது கறுத்தக்கொழும்பான் இனம். காய்த்துக் குலுங்கிய நேரம். கூட்டம் தொடங்கமுன்னர் ஆளுக்கு இரண்டு பழம் சாப்பிட்டார்கள்.

கிருசாந்தன் எழுந்து நின்றார். “சேர், மாதிரியில பழைய படம் கிடக்கு. இப்ப இஞ்ச வீடு, மரமெல்லாம் வந்திட்டுது. சோளகம் இதுகளில பட்டுத்தான் கம்பத்துக்குப் போகுது. புதுப்படம் போட்டால் மாதிரி சரிவரும்.”

தவிசாளர் மாங்கொட்டையைக் கீழே வைத்தார். “தம்பி, மாதிரி மூன்று வெளிநாட்டு நிபுணர்களால் சரிபார்க்கப்பட்டது. உயர்மட்டத்தில் அங்கீகரிக்கப்பட்டது. இந்தக் காற்றை யார் அங்கீகரித்தது?”

கையைத் துடைத்துக்கொண்டு உபகுழுத் தலைவர்கள் பக்கம் திரும்பினார்.

“அங்கீகரிக்கப்பட்டதும் அங்கீகரிக்கப்படாததும் முரண்பட்டால் எது பிழை?”

“களம்” என்றார் முதலாம் உபகுழுத் தலைவர்.

“களம்தான் பிழை. களத்தைத் திருத்த வேண்டும். மாதிரியின்படி இந்த இடத்தில் மரமே இல்லை.” அதைச் சொல்லிவிட்டு, வெயில் சுற்றி வந்ததால் தன் கதிரையை இன்னும் கொஞ்சம் நிழலுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

களத்தைத் திருத்தும் உபகுழு அடுத்த நாளே வேலையைத் தொடங்கியது. எனக்கு வந்த முதல் சுற்றுநிருபம் சிவப்பியைப் பற்றியது. ‘மேற்படி பசு மாதிரியில் உள்ளடக்கப்படவில்லை. ஆகையால் அலுவலக நேரத்தில் அது நிற்பதைத் தவிர்க்குமாறும், தவிர்க்க முடியாதவிடத்துக் காற்று வரும் திசையை நோக்கி ஒடுங்கி நிற்குமாறும் அறிவுறுத்தப்படுகிறது.’

ஜெயரூபி அதை வாங்கிச் சிவப்பிக்கு உரத்து வாசித்தாள். “விளங்கிச்சுதே? எட்டு மணியிலயிருந்து படுத்திருக்க வேணுமாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் எழும்பலாம். இதெல்லோ அரசாங்க வேலை. குடுத்து வைச்சனி.”

வேலிக்கு ஒரு கடிதம் வந்தது. கொட்டிலுக்கு ஒன்று. வயலில் குருவி விரட்ட ஒரு வெருளி கட்டியிருந்தேன். அதற்கு என் பழைய சட்டையைப் போட்டிருந்தேன். உபகுழுவில் ஒருவர் வாகனத்திலிருந்து இறங்கச் சோம்பல்பட்டு, வரம்பில் நின்று கைதட்டிக் கூப்பிட்டிருக்கிறார். அது அசையவில்லை. கடைசியில் சாரதியை அனுப்பிச் சட்டைப்பைக்குள் அறிவித்தலை வைப்பித்திருக்கிறார். அதன் பிரதி எனக்கும் வந்தது. அடியில் இருந்த குறிப்பு: ‘காணியில் நின்றவரிடம் நேரில் கையளிக்கப்பட்டது. அவர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.’

அதன் பின்னர் ஒரு படிவம் வந்தது. ‘கீழே ஒப்பமிடும் தங்கராசா ஆகிய நான், குறித்த இடத்தில் இல்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.’ ஒப்பத்தைக் குறித்த இடத்திலேயே, சமாதான நீதவான் முன்னிலையில் வைக்க வேண்டும். நிரந்தர முகவரி கட்டாயம்.

தவிசாளர் வந்தபோது கேட்டேன். “ஐயா, நான் இஞ்ச இல்லையெண்டால் இஞ்சயிருந்து எப்பிடி ஒப்பம் வைக்கிறது?”

அவர் கோபிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். “நீர் இங்கே இல்லை என்பதை இங்கே இருந்துதானே உறுதியாகச் சொல்ல முடியும்? கொழும்பில் இருந்துகொண்டு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்கு என்ன மதிப்பு?”

“முகவரி?”

“இந்த முகவரியைப் போடும். உமக்கு வேறு முகவரி இல்லையே.”

நான் ஒப்பம் வைக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் காத்திருக்கவில்லை. வரும் புதன்கிழமை மாமரம் தறிக்கப்படும் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். பிழையில் பெரிய பங்கு மரத்தினுடையதுதானாம். அறிவித்தலை மரத்திலேயே ஒட்டியிருந்தார்கள்.

அந்த மரத்தைத் தொண்ணூற்று நான்கில் கமலாட்சி தாய்வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. நான் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது முழங்காலளவு கரிந்த குற்றி ஒன்றுதான் நின்றது. வானத்துப் படத்தில் அது தெரிந்திருக்க நியாயமில்லை. அடுத்த மாரிக்குக் குற்றியின் பக்கத்தால் ஒரு துளிர் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மரத்தடியைக் கூட்டினேன். கூட்டத்து ஆட்கள் மாம்பழத் தோலைப் போட்டு வைக்க ஒரு தடித்த புத்தகத்தைப் பாவித்திருந்தார்கள். தட்டிப் பார்த்தேன். சபையின் செயல்முறைக் கைநூல், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். யாரும் திறந்த அடையாளம் இல்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நான் வாசிக்கத் தொடங்கினேன். மதியம் ஜெயரூபி கஞ்சி கொண்டுவந்தாள்.

“என்ன அண்ணை, சோதினை எழுதப்போறியளோ?”

“இந்தா, நூற்றி எண்பத்தேழாம் பக்கம். வாசிச்சுப் பார்.”

அவள் வாசித்தாள். “‘காரணம் இனங்காணப்பட்டு, அளக்கப்பட்டு, தவிசாளரால் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிழையானது பிழையாகக் கருதப்படமாட்டாது.’ இதென்ன கோதாரி?”

கிருசாந்தனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த வரியை வாசித்துக் காட்டினேன். பிறகு சிரிக்கும் சத்தம் கேட்டது. “ஐயா, நான் காலமை அளவு நாடாவோட வாறன். மரத்தடியிலேயே நில்லுங்கோ.”

புதன்கிழமை மரம் அரியும் மெசினோடு எல்லோரும் வந்தார்கள். நான் தவிசாளரிடம் பக்கத்தைக் காட்டினேன். அவர் வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். அறிக்கை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், சனிக்கிழமை அவர் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் பறக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மரத்தைத் தறித்தாலும் மறுபடி ஒரு மாதம் அளக்க வேண்டும்.

“அப்படியென்றால் எங்களிடம் பிழையே இல்லை” என்றார் மெதுவாக. “விளக்கம்தான் இருக்கிறது.”

“பதினொன்று தசம் நாலு வீதம் விளக்கம் சேர்” என்றார் கிருசாந்தன்.

“இவ்வளவு விளக்கம் வேறு எந்த நாட்டுச் சபையிடம் இருக்கும்? எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றும் விடுபடக் கூடாது. விடுபட்டால் பிழையாகிவிடும்.”

அன்றைக்கு முழுவதும் அளந்தார்கள். மெசின் கொண்டுவந்த ஆட்களே அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடித்தார்கள். படிவத்தில் நிரல்கள் பல இருந்தன. பொருள், உயரம், அகலம், பூமியில் அது இருக்கும் துல்லியமான ஆள்கூறு, எந்த ஆண்டிலிருந்து அவ்விடத்தில் உள்ளது, நிறுவியவர் பெயர், நிறுவியவரின் ஒப்பம், காற்றைக் குறைக்கும் அளவு. வீடு, மூன்று தசம் இரண்டு. வேலியும் கொட்டிலும், ஒன்று தசம் ஏழு. சிவப்பி, தசம் ஒன்று. அவள் சுற்றுநிருபத்தை மதிக்காமல் நின்றபடியே அளவு கொடுத்தாள்.

“இவரையும் போடும்” என்றார் தவிசாளர் என்னைக் காட்டி. “இவர் எந்த நேரமும் இங்கேதானே நிற்கிறார்.”

என்னைச் சுவரோடு நிறுத்தி அளந்தார்கள். ‘தங்கராசா. ஐந்து அடி நாலு அங்குலம். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டு தொடக்கம், இடையில் ஒரு வருடம் நீங்கலாக, குறித்த இடத்தில் நிரந்தரமாகக் காணப்படுகிறார். காற்றைக் குறைக்கும் அளவு, பூச்சியம்.’ தவிசாளர் முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.

மாமரத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது தசம் ஒன்று மிஞ்சியது. அதை வெருளிக்குப் போட்டார்கள்.

“அண்ணை, வெருளிக்கும் கீழ போயிட்டியள்” என்றாள் ஜெயரூபி.

மாமரம் ஆறு தசம் மூன்று. அதில் ஒரு சிக்கல் வந்தது. நிறுவியவர் கமலாட்சி என்று நான் சொன்னேன். ஒப்பம் வேண்டும் என்றார் உபகுழுத் தலைவர். ஒப்பமில்லாவிட்டால் மரம் விளக்கமாகாது, பிழையாகவே நிற்கும். கிருசாந்தன் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்ப் புதுப் பொலித்தீன் பையைக் கொண்டுவந்தேன். பதினைந்து வருடத்தில் அதுவும் தடித்துவிட்டது. அடியில் அந்த நிவாரண அட்டை இருந்தது. கடைசி மூன்று கிழமையும் அரிசி எடுத்ததற்கு அவள் வைத்த ஒப்பங்கள். மூன்றாவது கொஞ்சம் கோணல். பேனையை அவசரமாக வாங்கி வைத்தது.

கிருசாந்தன் அதைத் தொலைபேசியில் படமெடுத்துப் படிவத்தில் சேர்த்தார். எந்த ஒப்பம் என்று கேட்டார். மூன்றாவதை என்றேன்.

தவிசாளர் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பமிட்டார். வெள்ளிக்கிழமை வரைபடத்தோடு எங்கள் பதினொரு பக்கப் பட்டியலும் சேர்ந்து அறிக்கை போனது. மாதிரி சித்தி. மாநாட்டில் கைதட்டல் என்று கேள்வி. அவர் திரும்பி வந்த பிறகுதான் யாரோ சபையின் இன்னொரு விதியை நினைவுபடுத்தியிருக்கிறார்கள். அத்தாட்சிப்படுத்தப்பட்ட குடியிருப்புக்குப் பக்கத்தில் காற்றாடி நாட்டக் கூடாது. அத்தாட்சிப்படுத்தியவர் அவரேதான். கம்பத்தைக் கழற்றி மாங்குளத்துக்குக் கொண்டுபோனார்கள். வானத்துப் படத்தின்படி அந்த இடத்தில் ஒன்றுமில்லையாம். அங்கே இப்போது எட்டுக் கடையும் ஒரு சைக்கிள் திருத்தகமும் இருப்பதாகக் கிருசாந்தன் சொன்னார். இந்தமுறை அவர் மாதிரியைத் திருத்துவது பற்றிப் பேசவில்லை. கைநூலின் நூற்றி எண்பத்தேழாம் பக்கத்தை நகலெடுத்துக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

ஆவணி கடைசியில் நான் அறிக்கையின் பிரதியோடு காணிக் கந்தோருக்குப் போனேன். கௌசலா என்ற உத்தியோகத்தர் கதிரையில் இருந்தார். என் கோப்பு அவருக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த மூன்று பேர் கையிலும் கிடந்து தடித்தது. அவர் பிரதியைப் புரட்டினார்.

“ஐயா, இதில உங்களைப் பிழையெண்டெல்லோ போட்டிருக்கு.”

“ஓம் பிள்ளை. எந்த இடத்தில பிழையெண்டும் போட்டிருக்கு. எந்த வருசத்திலயிருந்து பிழையெண்டும் கிடக்கு. வடிவாப் பாருங்கோ.”

அவர் ஆள்கூறுகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். முத்திரையைப் பார்த்தார். ஒரு சபையின் தவிசாளர் பதினொரு பக்கத்திலும் ஒப்பமிட்டு ஒரு மனிதனின் இருப்பைச் சத்தியம் செய்ததை அவர் முன்னர் கண்டிருக்கமாட்டார். மாமரத்தின் வரியில் விரல் நின்றது.

“இந்த ஒப்பம் வைச்ச அம்மா வரேல்லையோ?”

“இல்லைப் பிள்ளை.”

“எங்க இருக்கிறா?”

“உடையார்கட்டில.”

அவர் இந்த ஊர்ப் பிள்ளை. உடையார்கட்டு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அலுமாரியைத் திறந்து உத்தரவுப்பத்திரப் புத்தகத்தை எடுத்தார். ‘காணியில் பயிர் செய்தவர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதி, கால்புள்ளி போட்டு, கமலாட்சியின் பெயரையும் எழுதினார். நான் கேட்காமலே.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சோளகம் இன்னும் வீசிக்கொண்டிருந்தது. சிவப்பி நின்றாள். வெருளி நின்றது. நான் கடதாசியைப் பைக்குள் வைத்து, பையைக் கைக்குள் வைத்துக்கொண்டு, மரத்தடியில் இருந்தேன். மாமரம் காற்றில் ஆறு தசம் மூன்றைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, மிச்சத்தை அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்தது.